உருளைக் கட்டு இயந்திரத்தில் சணல் நூல் சரியாகச் சுற்றவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வாடிப்பட்டி உழவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய உருளைக் கட்டு இயந்திரத்தைக் கொண்டு வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் வட்டாரத்தில் வாடகைக்கு வைக்கோல் கட்டிக் கொடுத்து வருகிறேன். கட்டு ஏறத்தாழ 60 செ.மீ. விட்டத்தில் வரும், சுற்றுவது சணல் நூல்தான். ஐப்பசி அறுவடையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், இப்போது மாசி அறுவடையில் நூல் சுற்றும் இடத்தில் தகராறு செய்கிறது.

கட்டு நிறைந்துவிட்டதற்கான மணி அடிக்கிறது. நூல் நுனியும் உள்ளே போவது தெரிகிறது. ஆனால் பின்கதவைத் திறந்தால் சில கட்டுகளில் நூலே இருப்பதில்லை, வைக்கோல் பொலபொலவென்று சரிந்து விழுகிறது. சிலவற்றில் நூல் முழுவதும் இடது ஓரத்தில் ஒரே இடத்தில் குவிந்து, மற்ற பாகம் கட்டப்படாமலேயே வருகிறது. வேறு சிலவற்றில் பாதி சுற்றியபின் நூல் அறுந்துவிடுகிறது. கட்டுக் கணக்கில்தான் கூலி என்பதால் அவிழ்ந்ததை மறுபடி வரிசையாகப் பரப்பி ஓட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை ஓட்டும்போது தாள் இன்னும் நொறுங்கி, வயல்காரருக்குக் கூளம்தான் மிஞ்சுகிறது.

நூல்கண்டை மாற்றியாயிற்று, கத்தியையும் தீட்டியாயிற்று. நூலை இறுக்கும் ஸ்பிரிங்கைக் கூடுதலாக முடுக்கியபின் அறுவது அதிகமாகியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மேலூர் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிப் பழுதுகள். மூன்றும் ஒரே நாளில் தோன்றியதால் ஒரே காரணம் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு திருகாகத் திருகிக் கடைசியில் எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போகும். முதலில் ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நம் பக்கம் ஓடும் பல சிறு இயந்திரங்களில் நூல் சுற்றும் முறை இதுதான். அறைக்குள் வைக்கோல் நிறைந்து அழுத்தம் ஏறியதும், நூலைத் தள்ளிவிடும் ரப்பர் உருளை இயங்கி நுனியை உள்ளே அனுப்புகிறது. சுழன்றுகொண்டிருக்கும் கட்டு அந்த நுனியைப் பற்றி இழுக்க ஆரம்பிக்கிறது. அதன்பிறகு நூலை யாரும் தள்ளுவதில்லை, கட்டுதான் இழுக்கிறது. அப்படி இழுபடும் நூல் ஒரு கப்பியைச் சுற்றிக்கொண்டு போவதால் கப்பி சுழல்கிறது. கப்பியோடு சேர்ந்த மரைத்தண்டு, நூல் வழிகாட்டியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துகிறது. வழிகாட்டி கடைசி எல்லையைத் தொட்டதும் கத்தி விழுந்து நூலை வெட்டுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கட்டுகளைப் பாருங்கள். நூலே இல்லாத கட்டு என்றால் பற்றுதல் நடக்கவில்லை. ஒரே இடத்தில் குவிந்த கட்டு என்றால் பற்றுதல் நடந்திருக்கிறது, கப்பிதான் சுழலவில்லை. நூல் அதன்மீது வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பாதியில் அறுந்த கட்டு என்றால் நூல் செல்லும் பாதையில் எங்கேயோ பிடிப்போ உராய்வோ இருக்கிறது.

அறுந்த நுனிகள் சிலவற்றைச் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். இழைகள் நீளமும் குட்டையுமாகத் துடைப்பம்போல் பிரிந்திருந்தால், இழுவை தாங்காமல் அறுந்தது. ஒரு பக்கத்து இழைகள் மட்டும் செதுக்கியதுபோல் மெலிந்து, கடைசியில் மீதி இழை விட்டுப் போயிருந்தால், கூர்மையான ஏதோ ஒரு விளிம்பில் உரசியிருக்கிறது. நறுக்கென்று ஒரே மட்டமாக இருந்தால், வெட்ட வேண்டிய நேரத்துக்கு முன்பே கத்தி தொட்டிருக்கிறது. எந்த வகை என்று எழுதுங்கள், பிறகு மேலே பேசலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பி.டி.ஓ. (டிராக்டரிலிருந்து இயந்திரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு) ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் நுனியைக் கையால் உள்ளே தள்ளிக் கொடுக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் பலரிடம் இருக்கிறது. அந்தத் தண்டுக்குச் சொல்லும் 540 சுற்று என்பது நிமிடக் கணக்கு. நொடிக்கு 9 சுற்று வருகிறது. நூல் விரலில் ஒரு சுற்று விழுந்துவிட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே இயந்திரத்துக்குக் கிட்டே போக வேண்டும். பின்கதவுக்கு உள்ளே குனிவதாக இருந்தால் கதவு கீழே இறங்காதபடி பூட்டையும் போட்டுவிட வேண்டும்.


சோழவந்தான் வயல் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்ன முறை சரியானதுதான். ஆயினும் இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் வைக்கோலைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பெரியாறு-வைகைக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்தில் தண்ணீர் காலத்தோடு கிடைக்கும் ஆண்டுகளில் நமக்கு இரண்டு அறுவடை. முதல் போகத்து வைக்கோல் வடகிழக்குப் பருவமழையில் மாட்டுகிறது. இரண்டாம் போகத்து வைக்கோல் மாசி, பங்குனி வெயிலில் காய்கிறது. ஒரே வயல், ஒரே ரகம் என்றாலும் இயந்திரத்துக்குள் போகும்போது இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

ஐப்பசியில் தாள் பதமாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். நூல் நுனி எங்கே பட்டாலும் பிடித்துக்கொள்ளும். அப்போது தொல்லை வேறு விதம்: கட்டு கனத்து, அறைக்குள் சுற்றாமல் நின்றுவிடும். இப்போதோ தாள் மொடமொடவென்று காய்ந்து பளபளப்பாக இருக்கிறது. சணல் நூலும் காய்ந்திருக்கிறது. காய்ந்த நூல் காய்ந்த தாளின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், பற்றாது.

இதற்கு நாங்கள் செய்வது, மணி அடித்தவுடன் டிராக்டரை நிறுத்தாமல் இன்னும் சிறிது தூரம் மெதுவாக நகர்த்துவது. நூல் நுனி உள்ளே போகிற அதே நேரத்தில் கொஞ்சம் வைக்கோலும் போய்க்கொண்டிருந்தால், அந்த வைக்கோலே நூலைச் சேர்த்து அணைத்துக் கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். நூல் பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட வேண்டும், பி.டி.ஓ. மட்டும் அதே வேகத்தில் ஓட வேண்டும். மணி அடித்த நொடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற ஓட்டுநர்களின் வயலில்தான் இந்த மாதத்தில் நூலில்லாத கட்டுகளை அதிகம் பார்க்கிறேன்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். உச்சி வெயிலில் ஓட்டுவதைத் தவிர்த்து, பனி விலகிய பிறகு, ஆனால் தாள் முறுகுவதற்கு முன்பாக, முற்பகலில் முடிந்த மட்டும் ஓட்டுங்கள். பனி ஈரம் கையில் ஒட்டும்போது ஓட்டினால் கட்டு உள்ளே பூசணம் பிடித்துவிடும். ஒரு பிடித் தாளை முறுக்கிப் பார்த்தால் ஈரம் கசியாமலும் உடனே ஒடிந்து தூளாகாமலும் இருக்கும் பதம்தான் வேண்டும்.


வாடிப்பட்டி உழவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அறுந்த நுனிகளைச் சேகரித்துப் பார்த்தேன். துடைப்பம்போல் பிரிந்தவை சில உண்டு, ஆனால் பெரும்பாலானவை அண்ணன் சொன்னபடி ஒரு பக்கம் மட்டும் செதுக்கியதுபோல் இருக்கின்றன. நறுக்கென்று வெட்டுப்பட்டது ஒன்றுகூட இல்லை.

பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, நூல் பெட்டியிலிருந்து வழிகாட்டி வரை ஒவ்வொரு வளையமாக விரலை விட்டுத் தடவிக்கொண்டே வந்தேன். பெட்டியிலிருந்து நூல் வெளியேறும் பீங்கான் வளையம் வழவழப்பாகவே இருக்கிறது. வழிகாட்டிக் குழாயின் வாயில் உள்ள இரும்பு வளையத்தில், நூல் எப்போதும் உரசும் கீழ்ப்புறத்தில், நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் இரு கரையும் பிளேடுபோல் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது, சணல் தூசி நிரம்பி மூடியிருந்தது.

கட்டு நூலை ஒரே இடத்தில் சுற்றுவதற்கு மட்டும் இன்னும் காரணம் புலப்படவில்லை. கப்பியைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிறது.


மேலூர் பட்டறை எழுதியது:

பள்ளத்தைக் கண்டுபிடித்தது நல்லது. சணல் மென்மையானது என்று நினைக்கிறோம். மண்தூசியோடு சேர்ந்து நாள் முழுவதும் ஓடும்போது அது இரும்பையே அரித்துவிடும். வட்ட அரத்தால் கரையை மழுக்கி, மேலே மெல்லிய உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் இந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம். வளையம் திருகிப் பொருத்தியதாக இருந்தால், அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் பள்ளம் இல்லாத பக்கத்தைக் கீழே கொண்டுவரலாம். அறுவடை முடிந்ததும் புதியது மாற்றிவிடுங்கள். லேத் பட்டறையில் கடைந்து வாங்கினால் உள்விளிம்பை நன்றாக உருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது கப்பிக்கு வருவோம். கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுவது பேரிங் நலமாக இருப்பதற்கு அடையாளம், அவ்வளவே. நூல் அதைச் சுற்ற வேண்டுமானால் நூலுக்கும் கப்பிக்கும் இடையே பிடிப்பு வேண்டும். கப்பியின் குழியைப் பாருங்கள். சணலில் ஏற்றியிருக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து குழிக்குள் ஒரு மெழுகுப் படலம் படிந்திருக்கும். மரைத்தண்டுக்கு வைத்த கிரீஸ் வழிந்து கப்பிக்கு வந்திருந்தால் இன்னும் மோசம். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிடுங்கள். நூல் கப்பியை எத்தனை சுற்றுச் சுற்றிப் போக வேண்டும் என்று இயந்திரத்தின் கையேட்டில் படம் இருக்கும். கண்டு மாற்றும் அவசரத்தில் ஒரு சுற்றுக் குறைத்துக் கோத்திருக்கிறார்களா என்பதையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுக்கும் தகட்டையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே சணல் பஞ்சு சேர்ந்து மெத்தையாகிவிட்டால், ஸ்பிரிங் எவ்வளவு முடுக்கினாலும் ஒரு நேரம் நூல் தளர்ந்து ஓடும், இன்னொரு நேரம் கவ்விக்கொள்ளும். நூல் தளர்ந்து ஓடினால் கப்பியில் வழுக்கும், கவ்விக்கொண்டால் அறுந்துவிடும். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி நடந்திருப்பதால் இந்த இடத்தின் மேல்தான் எனக்கு வலுவான சந்தேகம். சுத்தம் செய்தபின் இன்ஜின் நின்ற நிலையில், நூலைக் கையால் ஒரு பாகத்துக்கு (இரு கை விரித்த நீளத்துக்கு) இழுத்துப் பாருங்கள்; ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனத்தில் இழுபட வேண்டும், இடையில் தடக்கென்று நிற்கக் கூடாது.

கத்தியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். கதவைத் திறந்தபின்னும் கட்டிலிருந்து நூல் நீண்டு தொங்கினால்தான் கத்தியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் கத்தி கூராக இருந்தால் நூல் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். விறைப்பு இல்லாத நூலைப் புதுக் கத்தியும் வெட்டாது, மடக்கித்தான் விடும்.


திருமங்கலம் டிராக்டர் எழுதியது:

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதிலாக நூலையே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் சிலர் பிளாஸ்டிக் நூலுக்கு மாறிவிட்டார்கள். ஒரே பருமனாக வருகிறது, எளிதில் அறுவதில்லை, மழையில் நனைந்தாலும் மக்குவதில்லை. சணல் நூலில் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் முடிச்சாகவும் வருவதால் பாதிப் பழுது அங்கேயே தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் என்று பலரும் ஆக்சிலேட்டரைப் பாதிக்குமேல் ஏற்றுவதில்லை. பி.டி.ஓ. 540-க்குக் கீழே இறங்கினால் கட்டு மந்தமாகச் சுற்றும், நூலை இழுக்கும் வலுவும் குறையும். மணி அடித்த பிறகும் வேகத்தைக் குறைக்கக் கூடாது.


உசிலை மாட்டுப்பண்ணை எழுதியது:

வேகத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பிளாஸ்டிக் நூலைப் பற்றிச் சொன்னதை, வைக்கோலை விலை கொடுத்து வாங்குகிறவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை; தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டு எங்கள் தொழுவத்துக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை ஓட்டுகிறவர்கள் பார்ப்பதில்லை. விடியற்காலையில், அரை வெளிச்சத்தில், ஓர் ஆள் அரிவாளால் நூலை இரண்டு மூன்று இடத்தில் அறுத்துவிட்டு வைக்கோலை உதறிப் போடுகிறார். சுற்றுச் சுற்றாகப் போன நூலில் பாதியை உருவி எடுப்பார், மீதி தாளோடு தாளாகத் தொட்டிக்குள் போய்விடும். மாடு மேல்தாடையில் முன்பல் இல்லாத பிராணி. நாக்கால் வளைத்து வாய்க்குள் இழுத்துக்கொள்ளும், பொறுக்கித் தின்னாது. சணல் உள்ளே போனால் அது நார். இரைப்பையில் ஊறி மெல்ல மெல்லக் கரைந்துவிடும். பிளாஸ்டிக் கரைவதில்லை. முதல் இரைப்பையிலேயே தங்கி, ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிறது. மாடு தீனி குறையும், அசைபோடுவது குறையும், வயிறு உப்பும், பால் வற்றும். இந்நிலை முற்றினால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் தொழுவத்தில் ஒரு சினைப்பசுவை அப்படி இழந்திருக்கிறோம். திறந்து பார்த்தபோது கையளவு உருண்டையாக நீல நிற இழைகள் இருந்தன. அதன்பிறகு, வைக்கோல் எவ்வளவு மலிவாக வந்தாலும், பிளாஸ்டிக் நூல் சுற்றிய கட்டை வண்டியிலிருந்து இறக்க விடுவதில்லை.

ஜல்லிக்கட்டு மாடு வளர்ப்பவர்களும் உழவுமாடு வைத்திருப்பவர்களும் வாங்குவது இதே வைக்கோலைத்தான். சணலில் குறை இருந்தால் நல்ல சணல் வாங்குங்கள். அதற்காகக் கட்டுக்குச் சிறிது கூடுதலாகக் கேட்டால் நாங்கள் கொடுக்கத் தயார்.


மேலூர் பட்டறை எழுதியது:

பண்ணைக்காரர் சொல்வது உண்மை. இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் பிளாஸ்டிக் நூலால் கேடு உண்டு. உருளையின் அச்சில் சுற்றிக்கொண்டால் சூட்டில் உருகி பேரிங்கின் சீலுக்குள் இறங்கிவிடும். கிரீஸ் வெளியே வந்து பேரிங் போய்விடும். சணல் சுற்றிக்கொண்டால் கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம்.

நல்ல சணலைப் பொறுக்குவதற்கு ஒரு வழி: கடையில் கண்டின் நுனியைக் கொஞ்சம் உருவி, இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிடுங்கள். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய ஈர வாசனை வந்தாலும் வேண்டாம். ஈரத்தில் கிடந்த சணல் காய்ந்தபின் பார்வைக்கு நன்றாக இருக்கும், இழுவை தாங்காது. வீட்டிலும் கண்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், எலியிடமிருந்தும் காப்பாற்றுங்கள்.

நூலைக் கண்டின் உள்நடுவிலிருந்து உருவ வேண்டும். இரண்டு கண்டுகளை இணைக்கும்போது, முதல் கண்டின் வெளிப்புறக் கடைசி நுனியை இரண்டாம் கண்டின் உள்நுனியோடு முடிய வேண்டும். இரண்டு வெளிநுனிகளையும் முடிந்துவிட்டால் இரண்டாம் கண்டு பெட்டிக்குள் உருண்டு சிக்கிக்கொள்ளும். முடிச்சு தட்டையாக, சிறியதாக இருக்கட்டும். வால்களை விரற்கடை அளவுக்கு நறுக்கிவிட்டு, அந்த முடிச்சை இறுக்கும் தகட்டுக்கும் கடைசி வளையத்துக்கும் ஊடே கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். முடிச்சு எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் வயலில் அறும்.


வாடிப்பட்டி உழவன் எழுதியது:

சொன்னவற்றையெல்லாம் செய்து முடித்து, தென்கரைப் பக்கம் ஒரு வயலில் ஓட்டிப் பார்த்தேன். இறுக்கும் தகட்டைக் கழற்றியபோது நடுவில் கட்டைவிரல் தடிமனுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. கப்பியின் குழி கறுத்துப் பளபளத்தது. துடைத்தபின் இரும்பின் நிறம் தெரிந்தது. வளையத்தின் பள்ளத்தை மழுக்கியாயிற்று. மணி அடித்தபின் சிறிது நகர்த்தி நிறுத்துகிறோம். இப்போது நூல் அறுவதும் இல்லை, ஒரே இடத்தில் குவிவதும் இல்லை. பிளாஸ்டிக் நூலைத் தொடப்போவதில்லை என்பதையும் பண்ணைக்காரருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு குறை மீதி இருக்கிறது. சுற்று ஒழுங்காக விழுந்தாலும், கட்டை வண்டியில் ஏற்றும்போது இரு ஓரத்திலும் உள்ள கடைசிச் சுற்று நழுவிக் கழன்றுவிடுகிறது. வழிகாட்டியின் எல்லையை உள்பக்கம் தள்ளி வைக்க வேண்டுமா?


சோழவந்தான் வயல் எழுதியது:

எல்லையை மாற்றுவதற்கு முன் கட்டின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் தடித்து ஓரங்கள் மெலிந்து மத்தளம்போல் இருக்கிறதா? அப்படியானால் எல்லையை எங்கே வைத்தாலும் நூல் சரிவில் இறங்கிக் கழன்றுதான் தீரும்.

அறுவடை வண்டி விடும் வைக்கோல் வரிசை, பிக்கப்பின் (வைக்கோலை அள்ளி உள்ளே தரும் முன்பகுதியின்) அகலத்தைவிடக் குறுகலாக இருந்தால் வைக்கோல் எல்லாம் அறையின் நடுவிலேயே போய்ச் சேரும். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டிகளில் தாள் அச்சுவாக்கில் நெடுகச் சுற்றி அடிபட்டு வருவதால் குட்டையாகவும் நொறுங்கியும் விழுகிறது. கோ 51 போன்ற குட்டை ரகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஓரங்களுக்குத் தானாகப் பரவாது. ஆகவே வரிசையின் நேர்மேலே ஓட்டாமல், கொஞ்ச தூரம் வரிசை பிக்கப்பின் இடது ஓரத்தில் போகும்படியும், பிறகு கொஞ்ச தூரம் வலது ஓரத்தில் போகும்படியும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அடிக்கடி வெட்டி வெட்டித் திருப்பினால் கட்டு வேறு விதமாகக் கோணும். ஒவ்வொரு பக்கமும் சற்று நிதானமாகப் போய்த்தான் மாற வேண்டும். மணி அடிக்கப் போகிற கடைசி நேரத்தில் இரண்டு ஓரமும் நிறைந்திருப்பது முக்கியம், ஏனென்றால் நூல் உட்காரப் போவது அந்தக் கடைசி அடுக்கின் மேல்தான்.

ஓரம் மத்தளமாக இல்லாமல் நேராக வந்த பிறகும் நழுவினால், அப்போது எல்லையை இரு பக்கமும் நான்கு விரற்கடை உள்ளே இருக்கும்படி நகர்த்திக்கொள்ளுங்கள். கப்பியில் இரண்டு மூன்று படிகள் இருக்குமானால் பெரிய படிக்கு நூலை மாற்றினால் வழிகாட்டி மெதுவாக நகர்ந்து சுற்று கூடும். இந்த வெயிலில் நொறுங்கிய தாளுக்கு அது பாதுகாப்பு, நூல் மட்டும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.


வாடிப்பட்டி உழவன் எழுதியது:

கட்டு மத்தளமாகத்தான் இருக்கிறது. நாளை தென்கரையிலேயே மீதி வயல் இருக்கிறது. இரு ஓரமும் மாற்றி ஓட்டிவிட்டு, கட்டின் படத்தோடு எழுதுகிறேன். எல்லையை அதுவரை தொடவில்லை.